பத்து விழுக்காடு

இந்த மோட்டார் முன்பு மழையைத் துடைத்துக்கொண்டிருந்தது.
பழைய நீவா காரின் முன்கண்ணாடிக்கு அடியிலிருந்து கழற்றியதை
எலியாவா சந்தையில் பேரம் பேசி வாங்கி வந்தான் ஓத்தார்.
வெளிநாட்டுக் கருவிக்குக் கேட்ட விலையில்
எங்கள் ஆய்வகத்தையே வாங்கிவிடலாம்,
கூரைப் புறாக்களையும் சேர்த்து.

நகத்தைவிட மெல்லிய சிலிக்கோன் தாள்.
ஒரு முனை திருகில், மறுமுனை மோட்டாரின் பிடியில்.
தாளின்மேல் செல்கள்.
நிமிடத்துக்கு அறுபது முறை
பத்து விழுக்காடு நீளும், மீளும்.
பெருமூச்சு விடுகையில்
சட்டைப் பொத்தான்களின் நடுவே திறக்குமே ஒரு சந்து,
ஏறக்குறைய அவ்வளவு.

செல்கள் வந்தது மகப்பேறு மருத்துவமனையிலிருந்து.
தொப்புள்கொடி எண் பதினான்கு.
ஐஸ் பெட்டிக்குள் வெளிறிய நீலத்தில்,
பிழிந்துவிட்டு உதற மறந்த துணிபோல.
அதன் சிரைக்குள் நொதி ஊற்றி
உட்சுவரைக் கரைத்தெடுத்தோம்.
எண் பதினான்கு இந்நேரம் திபிலீசியில் எங்கோ
பாலுக்கு அழுதுகொண்டிருக்கும்.
பெயர் வைத்துவிட்டார்களா, தெரியாது.

இழுக்காமல் விட்டால் கண்டபடி கிடக்கும்.
இழுத்தால் சில மணி நேரத்தில் திரும்பிவிடும்,
இழுக்கும் திசைக்கு அல்ல,
அதற்குக் குறுக்கே.
முதல்முறை பார்த்தபோது தாளைத் தப்பாக மாட்டிவிட்டேனோ என்று
திருகுகளை மறுபடி சரிபார்த்தேன்.
"வலிக்கிற பக்கம் யார் முகத்தைக் காட்டுவார்கள்?"
என்று சிரித்தாள் லாமாரா.
கதவுவரை போனவள் திரும்பி வந்து சொன்னாள்:
"வலி என்று எங்கேயும் எழுதிவிடாதே.
செல்லுக்கு வலி கிடையாது."

பிப்ரவரி. ம்த்க்வாரி ஆற்றுப் பக்கமிருந்து காற்று.
இரண்டு பத்துக்கு மின்சாரம் போனது.

சூட்டுப்பெட்டியைத் திறக்காவிட்டால்
வெப்பம் சில மணி தாங்கும். துடிப்பு தாங்காது.
எதற்கும் இருக்கட்டுமென்று ஓத்தார்
அச்சின் பின்முனையில்
இறைச்சி அரைக்கும் எந்திரத்தின் கைப்பிடியை மாட்டியிருந்தான்.
அதற்காக ஒரு வாரம் அவனைக் கேலி செய்திருந்தோம்.

ஒரு சுற்று, ஒரு இழுப்பு.
கைப்பேசியில் வினாடிகளைப் பார்த்துச் சுற்றினேன்.
அது அணைந்ததும்
இடக்கை விரல்களைக் கழுத்தில் வைத்துக்கொண்டு.
நாடி எழுபத்தெட்டு.
சுற்றச் சுற்ற எண்பது, தொண்ணூறு.
இவளை நம்பக்கூடாதென்று விரலை எடுத்துவிட்டேன்.
பிறகு வாய்விட்டு எண்ணினேன்.
நாங்கள் இருபது இருபதாக எண்ணுகிறவர்கள்;
அறுபதுக்கு எங்கள் சொல் மூவிருபது.
மூவிருபது, ஒரு நிமிடம்.
மூவிருபது, இன்னொன்று.

போன வாரம்வரை ஒரு பிஞ்சு இதயம்
இவற்றைத் தட்டிக்கொண்டிருந்தது,
நிமிடத்துக்கு நூற்றுநாற்பது.
பிறகு கார் மோட்டார்.
இப்போது நான்,
தோள் இறங்கிப்போய்,
ஒரு சுற்று வேகமாக, அடுத்தது தாமதமாக.

ஐந்து நாற்பதுக்கு விளக்கு வந்தது.

காலையில் நுண்ணோக்கியின் கீழே
அத்தனையும் குறுக்கே படுத்திருந்தன,
ஈரத்தலையைச் சீப்பால் வாரியதுபோல்.
எது மோட்டாரின் மணி, எது என் மணி,
எவ்வளவு குனிந்து பார்த்தும் பிரிக்க முடியவில்லை.

பதிவேட்டில் எழுதினேன்:
2.10 முதல் 5.40 வரை மின்தடை. கையால் இயக்கம்.
வேகம் சீரில்லை. நானுலி.

லாமாரா படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.
அந்த வரிசையின் குறுக்கே ஒரு கோடு போட்டாள்.
நானாக இருந்தாலும் போட்டிருப்பேன்.
தட்டில் பிளீச் ஊற்றியதும்
இளஞ்சிவப்பு வெளுத்துத் தண்ணீரானது.
பிறகு அவள் சூடாக ஒரு லோபியானி வாங்கி வந்து
பெரிய துண்டை என் பக்கம் தள்ளினாள்.

வீட்டுக்குப் போகும் பேருந்தில்
வலக்கை மடியில் யாருடையதோபோல் கிடந்தது.
கைக்குழந்தையோடு யாரும் ஏறவில்லை.
வேலைக்குப் போகிறவர்கள், ஈரக் குடைகள்.
முன்கண்ணாடியில் துடைப்பான்
போய் வந்தது, போய் வந்தது.
என்னையறியாமல் எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஓட்டுநர் அதை
மூவிருபதைவிடச் சற்று மெதுவாக வைத்திருந்தார்.